குறுக்கே ஓடிய பிஸ்கா

ரெத்தாமா ஊரில் முயல் வேட்டைக்காலம் முடிகிற தேதியை நகராட்சி அறிவிப்புப் பலகையில் ஒட்டுவார்கள். யாரும் அதைப் படிப்பதில்லை. ஊருக்கு வெளியே பழைய ஆட்டுப்பட்டியில் ரெமே நடத்துகிற நாய்க் காப்பகத்தின் இரும்புக் கேட்டைப் பார்த்தாலே தெரிந்துவிடும். ஜனவரிக் கடைசியில் ஒரு காலை அதில் ஒரு கல்கோ, முயல் விரட்டுகிற வேட்டைநாய், கட்டியிருக்கும். ஒட்டிய வயிறும் ஊசி மூஞ்சியுமாக, தரையில் உட்காரத் தெரியாமல் நின்றுகொண்டே நடுங்கும். மறுநாள் இரண்டு நிற்கும். பிப்ரவரி பிறந்துவிட்டால் கயிற்றுக்குக்கூடக் கஞ்சத்தனம் வந்து மதிலுக்கு இந்தப் பக்கம் தூக்கிப் போட்டுவிட்டுப் போவார்கள்.

ரெமேக்கு அறுபது வயது. அதில் முப்பத்தோரு வருடம் கணவன் எலாதியோவோடு வேனில் கம்பளியும் படுக்கை விரிப்பும் ஏற்றிக்கொண்டு லா மன்சா சமவெளியின் வாரச் சந்தைகளில் கடை போட்டவள். எலாதியோவின் முழங்கால் இரண்டும் ஒரே வருடத்தில் ராஜினாமா கொடுத்ததும் வியாபாரத்தை ஏறக்கட்டினார்கள். விற்காத கம்பளி நூற்றுச் சொச்சம் பட்டியில் கிடந்தது. அந்தக் குளிர்காலத்தில்தான் முதல் நாய் வந்து கம்பளிக் கட்டின்மேல் படுத்தது. "சரக்குக்கு ஏத்த கிராக்கி தானா வந்துட்டுது பாரு" என்றான் எலாதியோ. காப்பகம் ஆரம்பித்த கதை அவ்வளவுதான். இதற்கு மேல் தத்துவம் கேட்டு வருகிற மத்ரீத் பத்திரிகைக்காரர்களுக்கு ரெமே காபி கொடுத்து அனுப்பிவிடுவாள்.

சந்தை அவளுக்கு இரண்டு சங்கதி கற்றுக்கொடுத்திருந்தது. ஒன்று, வேண்டிய பொருளை எவனும் நேராகப் பார்க்கமாட்டான். மற்ற எல்லாவற்றையும் புரட்டி விலை கேட்பான். இரண்டு, ஒருவனுக்கு என்ன விலைக்குக் கொடுத்தாய் என்பதை இன்னொருவனிடம் சொல்லாதே. சொன்ன அன்றே கடையை மடித்துக்கொள்ளலாம்.

அந்த வருடம் பிப்ரவரியில் அறுபத்தொரு நாய் சேர்ந்தது. ஒன்றுக்குக் கழுத்தில் கத்தி போட்டு, சொந்தக்காரன் பேர் பதிந்த சிப்பைத் தோண்டி எடுத்திருந்தார்கள், யார் நாய் என்று தெரியாமலிருக்க. இன்னொன்றுக்கு முன்கால் உடைந்து தானாகவே கோணலாகக் கூடியிருந்தது. டாக்டர் பெலென் வாரத்தில் மூன்று நாள் வந்து, திட்டிக்கொண்டே தைத்துவிட்டுப் போனாள். எலாதியோ காலையில் பெரிய அண்டாவில் அரிசியும் கோழி எலும்பும் காரட்டும் வேகவைப்பான். அந்த வாசனைக்கு அறுபத்தொரு மூக்கும் கம்பிவலையில் வரிசையாக முளைக்கும். துடைப்பத்தை எடுத்தால் மட்டும் அத்தனையும் சுவரோடு ஒட்டிக்கொள்ளும். அதனால் ரெமே நாய்கள் பார்க்காத நேரமாகப் பார்த்துத்தான் பெருக்குவாள்.

பிப்ரவரி இரண்டாம் வியாழக்கிழமை மதியம் மூன்று மணி. மூன்று மணிக்கு ரெத்தாமாவில் சாப்பிட்டுத் தூங்காதவன் மதுக்கடையில் சீட்டாடுவான். தெருவில் பூனைகூட நடக்காது. இந்த ஊரில் ரகசியத்துக்கு இருட்டு தேவையில்லை, பகல் மூன்று மணி போதும். பின்பக்கத்து வாதுமை மரங்களை ஒட்டிய பாதையில் ஒரு ஜீப் வந்து நின்றது. ரெமே கரண்டியோடு எட்டிப் பார்த்தாள். தம்பி ஃபெர்மின் நின்றான்.

ஃபெர்மின் ஊர் வேட்டைக்காரர் சங்கத்தின் தலைவன். பூண்டு விவசாயம், மனைவி போய்ச்சேர்ந்து நான்கு வருடம், முற்றத்தில் ஐந்து கல்கோ. அக்கா காப்பகம் ஆரம்பித்த ஆறு வருடத்தில் இந்தப் பட்டியில் கால் வைத்ததில்லை. சொந்த ஊர் மானத்தை வெளிநாட்டுக்காரனுக்குப் படம் பிடித்துக் காட்டுகிறாள் என்று கோபம். ஈஸ்டர் விருந்தில்கூட 'உப்பை இந்தப் பக்கம் தள்ளு' என்பதைத் தாண்டி அவளிடம் பேசமாட்டான்.

"என்னடா, வழி தவறிட்டியா?"

"சும்மாதான்."

"ஆறு வருஷமா சும்மா வராதவன்."

அவன் ஜீப்பின் பின்னால் போய் ஒலிவ் பறிக்கிற வலையைத் தூக்கினான். அடியில் பழுப்பில் கறுப்புக் கோடு ஓடிய ஒரு பெட்டை நாய் நான்கு காலையும் மடக்கிப் படுத்திருந்தது.

"இது பிஸ்கா இல்ல?"

"இல்ல."

"டேய். இந்த ஜில்லாவுல உன் பிஸ்காவைத் தெரியாதவன் உண்டா?"

"பிஸ்கா செத்துட்டா. ஞாயித்துக்கிழமையே நான்தான் முடிச்சேன். கடையில எல்லார்கிட்டயும் சொல்லியாச்சு."

"செத்தவளுக்குக் கண்ணு நல்லா மின்னுதே!"

"அக்கா, விளையாடாத." ரெமே கரண்டியைக் கீழே வைத்தாள்.

பிஸ்கா என்றால் அவர்கள் பேச்சில் ஒரு சிட்டிகை. எட்டுக் குட்டியில் கடைசி, உள்ளங்கையில் அடங்கியது. அதை ஃபெர்மின் ஆட்டுப்பால் புகட்டி வளர்த்தான். மூன்றாம் வயதில் ஊர் முயல்விரட்டுப் போட்டியின் இறுதிச் சுற்று வரைக்கும் வந்துவிட்டாள். போன ஞாயிறு, அறுத்த வயலில், காசிமிரோவின் வெள்ளை நாயோடு ஜோடியாக அவிழ்த்துவிட்டார்கள். முயல் எழும்பியது. முயல் இடது பக்கம் வளைந்தால் நாயும் இடது பக்கம் வளைய வேண்டும், அதன் அடியொற்றியே விரட்ட வேண்டும். அப்படி ஓடுவதுதான் மரியாதையான நாய். முயல் எங்கே போகும் என்று யோசித்துக் குறுக்கே விழுந்து பிடிக்கிற நாயை இங்கே 'அழுக்கு நாய்' என்பார்கள். வெள்ளை நாய் முயல் பின்னால் மூன்று வளைவு வளைந்தது. பிஸ்கா நின்றாள், பார்த்தாள், நேராக வயலின் குறுக்கே நடந்துபோய், வந்த முயலை வாயில் வாங்கிக்கொண்டாள். முந்நூறு பேர் சிரித்தார்கள்.

"காசிமிரோ என்ன சொன்னான் தெரியுமா? 'தலைவரே, உங்க நாயை வக்கீலுக்குப் படிக்க வைக்கலாமே'ன்னான்."

புத்தியுள்ள நாய் என்று வேறு ஊரில் மாலை போட்டிருப்பார்கள். இங்கே அது வளர்த்தவனின் அவமானம். அப்படிப்பட்ட நாயைச் சொந்தக்காரனே தன் கையால் முடிக்க வேண்டும். சாயங்காலம் மதுக்கடையில் முகம் மாறாமல் 'முடிச்சுட்டேன்' என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். எழுதாத சட்டம். அதைச் சொன்னபடி செய்கிறவர்களும் ஊரில் உண்டு. ரெமே தன் கையால் புதைத்த நாய்கள் அதற்குச் சாட்சி.

"எங்கயாவது தூரமா அனுப்பிடு அக்கா. பெல்ஜியம், ஜெர்மனி, நிலா, எங்கன்னாலும் சரி."

"ஜூன்ல பெல்ஜியத்துக்கு நாய் வண்டி போகுது. ஆனா சிப்பு உன் பேர்ல இருக்கு. நீ கையெழுத்துப் போடாம எல்லை தாண்டாது."

"போடுறேன்."

"இப்பவே போடு."

"பேனா இல்ல."

"என்கிட்ட இருக்கு."

"கண்ணாடி எடுத்துட்டு வரல. நாளைக்குப் போடுறேன்." ஜீப்பில் ஏறப் போனவன் திரும்பி நின்றான். "யார்கிட்டயும் சொல்லிடாத. இந்த ஊர்ல இப்படி ஒருத்தன் செஞ்சான்னு தெரிஞ்சா நான் தெருவுல நடக்க முடியாது."

ரெமே தலையாட்டினாள். சிரிப்பு வந்ததை உதட்டுக்குள்ளேயே கடித்துக்கொண்டாள். இந்த வாசலில், இதே மூன்று மணிக்கு, இதே வாக்கியத்தைச் சொன்னவர்களில் இவன் ஐந்தாவது ஆள். மதுக்கடையில் 'முடிச்சுட்டேன்' என்று நெஞ்சை நிமிர்த்தியவர்களில் நான்கு பேர் இதற்கு முன்னால் நாயை இந்தப் பின்வாசலில் கொண்டுவந்து விட்டவர்கள். ஒவ்வொருவனும் ஊரில் தான் ஒருவன்தான் கோழை என்று நினைத்துக்கொண்டிருக்கிறான். அந்த நான்கில் ஒருவன், மூன்று வருடத்துக்கு முன் மோரோ என்ற கறுப்பு நாயோடு வந்தவன், வக்கீல் படிப்பு யோசனை சொன்ன அதே காசிமிரோ.

ஒரு வார்த்தை சொன்னால் தம்பி நெஞ்சில் இருக்கிற பாறாங்கல் இறங்கிவிடும். ஆனால் ஒருவன் விலையை இன்னொருவனிடம் சொல்கிற பழக்கம் அவளிடம் இல்லை.

நாளைக்கு என்றவன் ஞாயிற்றுக்கிழமை வந்தான். கையெழுத்துக்கு இல்லை, காய்ந்த ரொட்டி கொண்டுவந்தான். அடுத்த ஞாயிறு கேட்டின் கீல் கிரீச்சிடுகிறது என்று எண்ணெய் கொண்டுவந்தான். அதற்கடுத்து, கூரைத் தகரம். ஒவ்வொரு கூண்டாகப் போய் விசாரிப்பான்: இது எந்த ஊர் நாய், இதன் கால் ஏன் இப்படி, இது ஏன் சாப்பிடவில்லை. மூன்றாவது கூண்டை மட்டும் பார்க்கவே மாட்டான். பிஸ்கா கம்பிவலையில் மூக்கை வைத்துக்கொண்டு அவன் போகிற பக்கமெல்லாம் தலையைத் திருப்புவாள்.

"கம்பளி வாங்க வந்தவன் தலைகாணி விலையா கேட்டுட்டுப் போறான்" என்றாள் ரெமே.

எலாதியோ அண்டாவைக் கிளறிக்கொண்டே, "வாங்குறதுன்னா வாங்கட்டும், இல்ல கடையை விட்டு இறங்கட்டும். நீ ஏன் குடைஞ்சுட்டே இருக்க?" என்றான்.

"என்னதான் பண்ணப் போறான்னு பாக்கணும்."

"உனக்கு நாய்மேல ஆசையா, வேடிக்கைமேல ஆசையா?"

அவளுக்கே நிச்சயமாகத் தெரியவில்லை. பிறந்ததிலிருந்து பார்க்கிற தம்பிதான். முழங்கால் சிராய்த்தபோது அழாதவன், மனைவியைப் புதைத்த மறுநாள் பூண்டு வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சப் போனவன். அவனுக்குள் இப்படி ஒரு மடிப்பு இருக்கிறது என்று அவள் எதிர்பார்க்கவில்லை. விரித்துப் பார்க்காமல் இருக்கக் கை வரவில்லை.

மே மாதம் மத்ரீத்திலிருந்து ஒரு கணவனும் மனைவியும் வந்தார்கள். மாப்பிள்ளை பார்க்க வந்த மாதிரி உடுத்தியிருந்தார்கள். நாய் கொடுப்பதில் ரெமேயின் வியாபாரம் தலைகீழ்: சந்தையில் சரக்கின் குறையை மறைத்தவள், இங்கே குறையைத்தான் முதலில் அவிழ்த்து வைப்பாள். அப்படியும் வேண்டும் என்பவர்களுக்குத்தான் நாய். அவர்கள் மூன்றாவது கூண்டின் முன் நின்றார்கள். பிஸ்கா அந்த அம்மாளின் கையை முகர்ந்து, தாடையை அதன்மேல் வைத்தாள்.

கூரையில் தகரம் அடித்துக்கொண்டிருந்த ஃபெர்மின் ஏணியில் இறங்கி வந்தான்.

"அந்த நாயா பாக்குறீங்க? நான் இங்க வேலை செய்யிற ஆளு. சொல்லணும்னு தோணுச்சு. அது திருடும்."

"அய்யோ, என்ன திருடும்?"

"மேசைமேல எதை வெச்சாலும். ஒரு தடவை முழு ஆட்டுத்தொடை. எலும்புகூட மிஞ்சல." ஃபெர்மின் குரலில் ஒரு பெருமை எட்டிப் பார்த்தது, அதை இருமலால் அடக்கினான். "அப்புறம் வயித்துக் காத்து. ஒரே அறையில இருக்க முடியாது. அப்புறம் குதிரையைப் பாத்தா குரைக்கும்."

"நாங்க மூணாவது மாடியில இருக்கோம். குதிரை வராதுங்க" என்றார் கணவர்.

"இப்ப வராது. காலம் எப்படி மாறும்னு யாரு கண்டா?"

அவர்கள் கோணல்கால் நாயைக் கூட்டிக்கொண்டு போனார்கள். அதற்கு அந்த வீடு சரியாகத்தான் அமைந்தது. கார் மறைந்ததும் ரெமே இடுப்பில் கைவைத்துத் தம்பி முன்னால் வந்து நின்றாள்.

"வேணும்னா வேணும்னு சொல்லித் தொலை."

"யாருக்கு வேணும்? எனக்கா? வீடு நல்ல வீடா இருக்கணுமேன்னு பாத்தேன். அந்தாளு செருப்பைப் பாத்தியா? அதைப் போட்டுட்டு நாயை நடத்த முடியுமா?"

"கையெழுத்து?"

"கண்ணாடி கால் ஒடைஞ்சிருக்கு."

ஜூனில் புல் காய்ந்து, கதிரின் ஊசிகள் காற்றில் பறந்தன. இந்தச் சமவெளியில் ஜூன் மாதம் நாய் வைத்திருப்பவனுக்கு வேறு வேலை கிடையாது. ஒவ்வொரு நாயின் கால் விரலிடுக்கு, காது, மூக்கு என்று தடவிப் பார்த்து ஊசி பிடுங்க வேண்டும். ஒன்றைத் தவறவிட்டால் சதைக்குள் நடக்க ஆரம்பித்துவிடும். பிஸ்காவின் காதில் ஒன்று நடந்தது. காய்ச்சல், சீழ், டாக்டர் பெலெனின் வசவு. வண்டி அவளை விட்டுவிட்டுப் போனது. பெல்ஜியத்தின் கென்ட் நகரத்தில் அவளைத் தத்தெடுக்கக் காத்திருந்த பள்ளி ஆசிரியை செப்டம்பருக்குக் காத்திருப்பதாக எழுதினாள்.

ஜூலை, ஆகஸ்டில் வானம் வெள்ளையாகிவிட்டது. நாய்கள் சுவர் நிழலோடு சேர்ந்து நகர்ந்தன. நிழல் ஒரு சாண் நகர்ந்தால் முப்பது நாயும் ஒரு சாண் நகரும். எலாதியோ முழங்காலை ஈரக் கோணிமேல் நீட்டிக்கொண்டு எல்லாவற்றுக்கும் குழாயால் தண்ணீர் அடித்தான். ஃபெர்மின் பூண்டு அறுப்பு முடிந்து, நகக்கண்ணெல்லாம் பூண்டு வாடையோடு வந்து, தண்ணீர்த் தொட்டிக்கு மேலே கீற்றுப் பந்தல் போட்டான். அந்தப் பந்தலின் நிழல் மதியம் மூன்றாவது கூண்டில் போய் விழுகிற மாதிரி அமைந்தது தற்செயல் என்றான்.

செப்டம்பரில் திராட்சை அறுப்பு. டிராக்டர்களின் பின்னால் குளவி பறந்தது, ஊரே புளித்தது. வண்டி வந்தது, ஃபெர்மின் வரவில்லை. ஆளனுப்பினால் திராட்சை வயலில் என்றார்கள். வயலுக்கு ஆளனுப்பினால் ஆலையில் என்றார்கள். பேனாவும் காகிதமுமாகக் காத்திருந்த ரெமே, பிஸ்காவின் இடத்தில் வேறொரு நாயை ஏற்றி அனுப்பினாள். மறு ஞாயிறு அவன் ஒரு கூடைத் திராட்சையோடு வந்தான்.

அக்டோபரில் வேட்டை திறந்தது. ஞாயிறு காலையில் ஃபெர்மின் மற்ற நாய்களோடு வயலில் நடந்துவிட்டு, மதியம் கால்சட்டையில் காட்டுத் துளசி வாடையோடு வருவான். பிஸ்கா அந்தக் கால்சட்டையை முழுசாக முகர்வாள். எங்கே போனான், யாரோடு போனான் என்று அவளுக்கு எல்லாம் தெரிந்துவிடும். அவன் போனபின் சாப்பிட மாட்டாள். முதலில் திங்கட்கிழமை வரைக்கும். பிறகு செவ்வாய், புதன். நவம்பரில் பனி கொட்ட ஆரம்பித்ததும் இடுப்பெலும்பு இரண்டும் துருத்திக்கொண்டு வந்துவிட்டது. கம்பளி போர்த்தினால் உதறிவிட்டுக் கேட்டுப் பக்கமே பார்த்து நின்றாள்.

அதுவரை ரெமேக்கு இது வேடிக்கையாகத்தான் இருந்தது. பிஸ்காவைத் தூக்கி எடை போட்ட நாளில் வேடிக்கை போய்விட்டது.

"உக்காருடா" என்றாள் அடுத்த ஞாயிறு. "டீச்சரம்மா எழுதியிருக்கா. ஜனவரி பதினெட்டு வண்டி. அதுலயும் பிஸ்கா வரலேன்னா வேற நாய் எடுத்துக்குவா. எடுத்துக்க வேண்டியதுதான். இத்தனை மாசம் காத்திருந்துட்டா."

"சரி."

"என்ன சரி? நீ ஞாயித்துக்கிழமை வந்து ஒரு மணி நேரம் ஆசை காட்டிட்டுப் போயிடுற. அவ புதன்கிழமை வரைக்கும் கேட்டைப் பாத்துட்டு நிக்கிறா. இன்னொரு குளிர்காலம் தாங்கமாட்டா. சான் அந்தோன் திருநாள், பதினேழாம் தேதி வரைக்கும் டயம். அதுக்குள்ள கையெழுத்துப் போடு. இல்ல, கயித்தைப் புடிச்சு உன் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போ."

"எப்படிக் கூட்டிட்டுப் போவேன்? செத்துட்டான்னு நான் சொன்ன நாயை எப்படிக்கா தெருவுல நடத்திக் கூட்டிட்டுப் போவேன்? காசிமிரோ வாசப்படியைத் தாண்டித்தான் என் வீடு."

"அப்ப போடு கையெழுத்து."

அவன் பேனாவை வாங்கினான். கண்ணாடியும் மாட்டினான். காகிதத்தை ஒரு முறை படித்தான், இரண்டாம் முறை படித்தான். பிறகு பேனாவை மேசைமேல் வைத்துவிட்டு, "மழை வர்ற மாதிரி இருக்கு" என்று எழுந்து போனான். வானத்தில் ஒரு மேகமில்லை.

டிசம்பரில் ஊரே ஒலிவ் தோப்பில் கிடந்தது. கிறிஸ்துமஸுக்கு ஐந்து நாள் முன்னால், ஒரு மதியம் மூன்று மணிக்கு, ஃபெர்மின் காப்பகத்தின் உள்ளறையில் அரிசி மூட்டை அடுக்கிக்கொண்டிருந்தான். பின்வாசலில் செருமல் கேட்டது. காசிமிரோ. தொப்பியைக் கையில் பிடித்தபடி நின்றான்.

மூன்று மாதத்துக்கு ஒரு முறை அவன் வருவது வழக்கம். மோரோவைத் தத்தெடுத்த, பெல்ஜியத்தின் நமூர் ஊர்த் தபால்காரர் குடும்பம் கடிதமும் படமும் அனுப்பும். வீட்டுக்கு வந்தால் மனைவி பார்ப்பாள், மகன் பார்ப்பான். அதனால் ரெமே பேருக்குத்தான் கடிதம். மொழி தெரிந்த டாக்டர் பெலென் ஓரத்தில் அர்த்தம் எழுதிக் கொடுப்பாள்.

முன்னறைக்கும் உள்ளறைக்கும் நடுவில் ஒரு மரக்கதவு. பாதி திறந்திருந்தது. ரெமே அதன் கைப்பிடியில் கைவைத்தாள். உள்ளே மூட்டை சத்தம் நின்றிருந்தது. இழுத்துச் சாத்த ஒரு நொடி போதும். மூன்றாவது கூண்டின் இடுப்பெலும்பு இரண்டும் கண்முன் வந்தன. கையை எடுத்துக்கொண்டாள்.

"கடுதாசி வந்துச்சா?"

"வந்திருக்கு. உக்காரு, காசிமிரோ."

படத்தை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தான். "கொழுத்துட்டானே! என்ன போடுறாங்க?"

"காலையில ரொட்டியில வெண்ணெய் தடவி ஒரு துண்டாம்."

"வெண்ணெயா! நான் வெண்ணெய் தின்னு நாலு வருஷமாச்சு. டாக்டர் தொடக்கூடாதுன்னுட்டார். படி, படி."

"மழை பெஞ்சா வெளிய வரமாட்டேங்கிறானாம். கதவுகிட்ட வந்து எட்டிப் பாத்துட்டுத் திரும்பிப் போயிடுறானாம்."

"மோரோவா? பனிக்கட்டியில ரத்தம் வர வர ஓடினவன். மழைக்குப் பயப்படுறானா?" காசிமிரோ சிரித்தான். சிரித்துக்கொண்டே இருந்தவன் மூக்கை உறிஞ்சினான். "படுபாவிப் பயல்... ரெமே, ஒண்ணு எழுதிக் கேக்கணும். அவங்க பக்கத்துல இருந்து என் பேரைச் சொல்லிப் பாக்கச் சொல்லு. காதைத் திருப்புறானான்னு."

"உன் பேர் அவனுக்கு எப்படித் தெரியும்?"

"வேலை செய்யிறப்ப நான்தான் அவன்கிட்ட சொல்லிட்டே இருப்பேன். 'காசிமிரோவுக்குக் காலு வலிக்குது, காசிமிரோவுக்கு இன்னிக்கு ஒண்ணும் சரியில்ல'ன்னு. வேற யாரு கேப்பா?" படத்தைத் திருப்பிக் கொடுத்தான், வீட்டில் வைக்க இடமில்லாத பொருள் அது. "நல்ல வேளை, உனக்கு மட்டும்தான் தெரியும்."

அவன் போய் வெகுநேரம் கழித்து ஃபெர்மின் உள்ளறையிலிருந்து வந்தான். அரிசித் தூசி முகமெல்லாம். அக்காவைப் பார்க்காமல் ஜீப் ஏறினான்.

எலாதியோ அடுப்பைவிட்டு நொண்டி நொண்டி வந்தான். சமையல் இடத்துக்கும் சுவர் மெல்லிசுதான். "முப்பது வருஷத்துல ஒரு விரிப்பு விலையை நீ வெளிய விட்டதில்ல. இன்னிக்கு ஒரு நாய்க்காக ஒரு மனுஷனை வித்துட்ட."

"நான் ஒண்ணும் சொல்லல."

"கதவு சொல்லிச்சாக்கும். இப்ப உன் தம்பி கையில கத்தி இருக்கு ரெமே. சான் அந்தோன் அன்னிக்கு ஊர் கூடுது. காசிமிரோ வாயைத் திறந்தா இவன் சும்மா இருப்பானா? நீயா இருந்தா இருப்பியா?"

அவளாக இருந்தால் சும்மா இருக்கமாட்டாள்.

கிறிஸ்துமஸ் போனது, புத்தாண்டு போனது. ஃபெர்மின் ஒரு ஞாயிறும் வரவில்லை. பிஸ்கா கேட்டைப் பார்ப்பதையும் நிறுத்திவிட்டுச் சுருண்டு படுத்தாள். ஜனவரி பதினாறாம் தேதி மதியம் ஜீப் வந்தது. அவன் கூண்டைத் திறந்தான், அகலமான தோல்பட்டையைக் கழுத்தில் மாட்டினான், அவளைக் கூட்டிக்கொண்டு போனான். காகிதம் கையெழுத்தில்லாமல் மேசையில் கிடந்தது. ரெமே கென்ட் டீச்சருக்கு வேறொரு நாயைத் தேர்ந்தெடுத்து வைத்தாள்.

பதினேழாம் தேதி காலை தேவாலய வாசலில் முதல்நாள் சொக்கப்பனையின் சாம்பல் இன்னும் புகைந்துகொண்டிருந்தது. ஊரின் நான்கு கால், இரண்டு கால், இறக்கை எல்லாம் ஆசீர்வாதத்துக்கு வந்து நின்றன. கழுதை, கூடையில் கோழி, கூண்டில் கிளி, யாரோ ஒருத்தி ஊறுகாய் ஜாடியில் தங்கமீன். வேட்டைக்காரர்கள் ஒரு பக்கமாக, பளபளவென்று சீவிய கல்கோக்களோடு. பாதிரியார் வாளியில் ரோஸ்மரிக் கொத்தை நனைத்து வீசிக்கொண்டு வந்தார்.

ஃபெர்மின் தெருமுனையில் திரும்பினான். நான்கு நாய் இல்லை, ஒரே ஒரு நாய். எலும்பும் தோலுமாக, பழுப்பில் கறுப்புக் கோடு.

பேச்சு ஒவ்வொரு வாயாக நின்றது. கழுதைக்காரன்தான் முதலில் வாய் திறந்தான். "ஏசுவே! செத்த நாய் எழுந்து வந்துடுச்சு. சாமியார் இன்னும் இந்தப் பக்கம் தண்ணியே தெளிக்கலையே!"

சிரிப்பு வெடித்தது. காசிமிரோ முன்னால் வந்தான். எல்லாரையும்விட உரக்கச் சிரித்தான். ரெமேக்கு மட்டும் அதில் ஒரு பயம் கேட்டது.

"என்ன தலைவரே? முடிச்சுட்டேன்னு கடையில வெச்சு எங்க எல்லாருக்கும் ஒரு ரவுண்டு வாங்கிக் கொடுத்தீங்களே! அது எந்தக் கணக்கு?"

ஃபெர்மின் அவனைப் பார்த்தான். நேராக, நிதானமாக. ரெமே எலாதியோவின் கையைப் பிடித்தாள்.

"பொய் சொன்னேன்" என்றான் ஃபெர்மின். "துப்பாக்கி எடுத்துட்டுத்தான் போனேன். என்னால முடியல. ஒரு வருஷம் அக்காகிட்ட ஒளிச்சு வெச்சிருந்தேன். நாய் குறுக்கேதான் ஓடும், இனிமேலும் அப்படித்தான் ஓடும். வேற தலைவரைப் பாத்துக்கங்க."

"சரிதான்! இந்த ஊர்ல இப்படி ஒரு ஆம்பளையா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

"ஆமா. இந்த ஊர்ல நான் ஒருத்தன்தான் அப்படின்னு வெச்சுக்கங்க."

வேட்டைக்காரர் வரிசையில் நான்கு பேர் தங்கள் பூட்ஸைக் குனிந்து பார்த்தார்கள். அந்த நான்கும் யார் யார் என்று தெரிந்தவள் அந்த வாசலில் ரெமே ஒருத்திதான். மூச்சை விட்டாள். முப்பது வருடச் சந்தையில் ஒரு வாடிக்கையாளரையும் தவறாக எடை போட்டதில்லை என்று பெருமையடித்தவள். சொந்தத் தம்பியிடம் தோற்றுப்போனதில் வெட்கமாகவும் இருந்தது, வெயிலில் நிற்பதுபோலவும் இருந்தது.

பாதிரியார் ரோஸ்மரிக் கொத்தை வீசினார். குளிர்ந்த தண்ணீர் பட்டதும் பிஸ்கா முகத்தைச் சுளித்து, ஃபெர்மினின் கோட்டுக்குள் தலையை நுழைத்துக்கொண்டாள். கூட்டம் அடுத்த வேடிக்கைக்கு, ஜாடி மீனுக்கு, நகர்ந்தது. காசிமிரோ மட்டும் நகரவில்லை. தன் வெள்ளை நாயின் பட்டையைச் சரிசெய்கிற மாதிரி குனிந்து, பக்கத்திலிருப்பவனுக்கு மட்டும் கேட்கிற குரலில் கேட்டான்:

"முற்றத்துல விட்டிருக்கியா, உள்ளயா?"

"உள்ளதான். சமையலறையில."

"உன் சமையலறையில கண்ணாடிக் கதவு இருக்கு இல்ல?"

"இருக்கு."

"அதுங்களுக்குக் கண்ணாடின்னா என்னன்னு தெரியாது. வெளிய ஒரு குருவி பறந்தாப் போதும், முழு வேகத்துல போய் மோதிக்கும். மூக்கு உடைஞ்சு ரெண்டு வாரம் கட்டுப் போட வேண்டி வந்துச்சு..." காசிமிரோ நிறுத்திக்கொண்டான். காது வரைக்கும் சிவந்தது. "வரும்னு சொல்றாங்க. ஒரு காகிதம் ஒட்டி வை. அப்பத்தான் அங்க ஒண்ணு இருக்குன்னு தெரியும்."

எப்படித் தெரியும் உனக்கு என்று ஃபெர்மின் கேட்கவில்லை. பிஸ்காவின் காதைத் தடவினான்.

"எந்த உயரத்துல ஒட்டணும்?" என்றான்.

காசிமிரோ கையை நீட்டி, தன் முழங்காலுக்கு ஒரு சாண் மேலே காட்டினான்.